படுக்கும் முன் தேனா, பனங்கற்கண்டுப் பாலா, குளிசையா?

ஐம்பது வயது தாண்டியபின் என் நித்திரை கெட்டுப்போனது. பத்து மணிக்குப் படுத்தால் உடனே கண் சொருகும். ஆனால் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ விழிப்பு வந்துவிடும், அப்புறம் சேவல் கூவும்வரை முகட்டைப் பார்த்தபடி கிடப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் படிப்பிக்கப் போகிறவள் நான். நாலரைக்கு எழும்பினால்தான் சமையலை முடித்துவிட்டு பஸ் பிடிக்கலாம். அதனால் கடந்த ஏழெட்டு மாதத்தில் மூன்று வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இப்போது தேனில் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் குளிசை. "தடிமனுக்குப் போடுறதுதான், ஒண்டு போட்டுப் பாரும் ரீச்சர்" என்று அயல்வீட்டு அக்கா தந்தார். குளோர்பெனிரமின் என்ற மருந்து. நித்திரை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். விடியும்வரை அசையவில்லை. ஆனால் மறுநாள் பஸ்ஸில் ஆனையிறவு தாண்டியது தெரியாமல் யன்னல் கம்பியில் தலை முட்ட முட்டத் தூங்கிக்கொண்டு போனேன். வாய் உலர்ந்து, மூன்றாம் பாடம்வரை தலை பாரமாக இருந்தது. பிறகு விசாரித்தால், அந்த மருந்தில் அரைவாசி உடம்பை விட்டுப் போகவே 20 மணித்தியாலம் அளவில் எடுக்குமாம். இரவு போட்டது மறுநாள் மாலைவரை கூட வருகிறது. வயதானவர்களுக்குத் தடுமாற்றத்தையும் சலம் அடைப்பதையும் உண்டாக்கக்கூடியது. நாலு இரவோடு நிறுத்திவிட்டேன். வைத்தியர் சொல்லாமல் நித்திரைக்கென்று இதைப் போடுவது சரியில்லை என்பதே என் எண்ணம்.

அடுத்தது அம்மாவின் முறை. பசுப்பாலைக் காய்ச்சி, ஒரு சிட்டிகை மஞ்சளும் தட்டிய மிளகு நாலைந்தும் போட்டு, பனங்கற்கண்டை உடைத்துக் கரைத்து, மூக்குப்பேணி நிறையத் தருவார். ருசியில் இதற்கு ஈடு கிடையாது. பாலில் ட்ரிப்டோபன் என்ற ஒரு புரதக்கூறு இருக்கிறது, அதனால்தான் நித்திரை வருகிறது என்பார்கள். ஒரு பேணிப் பாலில் இருப்பது அதற்குக் காணாது, வயிற்றின் இளஞ்சூடும் அம்மா தந்தது என்ற நிம்மதியுமே பாதி வேலையைச் செய்திருக்கும். எப்படியோ, படுத்தவுடன் நித்திரை வந்தது.

சிக்கல் இரண்டு மணிக்கு. ஒரு பேணிப் பால், அதற்குமேல் சாப்பிட்டபின் குடித்த தண்ணீர், எல்லாம் சேர்ந்து சலம் போக எழுப்பிவிடும். எங்கள் வீட்டில் கக்கூஸ் பின்வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. லைற்றைப் போட்டு, குசினிக் கதவின் கொண்டியை இழுத்து, செருப்பைத் தேடி வெளியே இறங்கினால் நாய் குரைக்கும். திரும்பி வந்து படுக்கும்போது ஒரு சொட்டு நித்திரையும் கண்ணில் இருக்காது. அறையோடு சேர்ந்த குளியலறை உள்ளவர்களுக்கு இது இவ்வளவு பெரிய விஷயமாக இராது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. எனக்கு நித்திரை வருவதில் குறையில்லை, வந்த நித்திரை கலையாமல் இருக்கவேண்டும். படுக்கும் நேரத்தில் ஒரு பேணி நிறைய எதையாவது குடிப்பது, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தத் தேவைக்கு எதிரானது.

தேனில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு தேக்கரண்டி, 7 கிராம் வரும். ஒன்பதரைக்கு நாக்கில் விட்டு, விழுங்க அவசரப்படாமல் தொண்டையில் மெதுவாக இறங்க விடுவேன். பிறகு இரண்டு மிடறு வெந்நீர், அவ்வளவுதான். கொதிநீரில் கலக்கவேண்டாம், தேனின் வாசமும் குணமும் போய்விடும்.

தேன் கல்லீரலில் சர்க்கரையைச் சேமித்து இரவு முழுவதும் மூளைக்குத் தீனி போடுகிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. இரவு புட்டோ இடியப்பமோ சாப்பிட்ட ஒரு சுகதேகியின் கல்லீரலுக்கு விடியும்வரை தேவையானது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நான் நம்புவது தேன் தொண்டையை ஆற்றுகிறது என்ற கதையை. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருமலால் அவதிப்பட்ட 105 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. படுப்பதற்கு அரை மணி முன் தேன் குடித்த பிள்ளைகள் இரவில் குறைவாக இருமினார்கள், நன்றாகத் தூங்கினார்கள், பெற்றோரும் தூங்கினார்கள். 2012இல் இஸ்ரேலில் 300 சின்னப் பிள்ளைகளோடு நடந்த ஆய்விலும் தேனின் பக்கமே முடிவு வந்தது. இரண்டும் இருமலைப் பற்றியவை, நித்திரையின்மையைப் பற்றியவை அல்ல. ஆனால் நாள் முழுக்கச் சோக்குத் தூளையும் ஏ9 வீதிப் புழுதியையும் விழுங்கும் என் தொண்டைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. இரவில் தொண்டை கரகரத்து நான் இருமி எழும்புவதும் உண்டு என்று கவனித்தது அம்மாதான். தேன் தொடங்கியபின் அது நின்றுவிட்டது. கவலையாலோ வேறு வருத்தத்தாலோ நித்திரை வராதவர்களுக்கும் தேன் உதவும் என்று என்னால் சொல்லமுடியாது. எனக்கும் மூன்று மாத அனுபவம்தான்.

செலவைப் பார்த்தாலும் மோசமில்லை. முக்கால் லீற்றர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தேன் இருக்கும், இரவுக்கு ஒரு கரண்டி என்றால் ஐந்து மாதம் போகும். நல்ல தேன் கிடைப்பதுதான் பாடு. தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த முதல் போத்தல் வெறும் சீனிப்பாணி. தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், கரையாமல் அடியில் போய் நின்றது, நம்பிவிட்டேன். கெட்டியான பாணியும் அப்படித்தான் நிற்கும், அந்தச் சோதனையால் பயனில்லை. இப்போது இருப்பது பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற வன்னிக் காட்டுத் தேன், என் மாணவன் ஒருவனின் தகப்பன் தானே எடுத்துத் தருவது. கடைத்தேனைவிடத் தண்ணியாக இருக்கும், கடைசியில் ஒரு சின்னக் கைப்பு நாக்கில் நிற்கும்.

சிலருக்கு இது சரிவராது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், அவருக்கு நான் தேன் கொடுப்பதில்லை. தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான், இயற்கை என்பதால் அது மாறாது. பனங்கற்கண்டும் அவருக்கு ஆகாதுதான். இப்போது இனிப்பில்லாத பாலை ஏழு மணிக்கே குடித்துவிடுகிறார், நடு இரவில் அவரும் எழும்புவது குறைந்திருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாவில் தொட்டும் வைக்கக்கூடாது. பொட்டுலினம் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சாகும். பெறாமகளின் பிள்ளைக்கு வீட்டார் நாவில் தேன் வைக்க ஆயத்தமானபோது நான் குறுக்கே நின்று தடுத்தேன், வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பரவாயில்லை.

இன்னும் இரண்டு விஷயம். தேன் குடித்து அரை மணி கழித்துப் பல் தீட்டுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை இரவு முழுக்கப் பல்லில் இருக்கும். போத்தலுக்குள் ஈரக் கரண்டி விடவேண்டாம். காட்டுத் தேனில் ஏற்கெனவே ஈரம் கூட, கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே புளித்து, மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று நுரை வரும்.