இபி சுயமதிப்பீட்டுக் கருவியை ஆர்க்கிடெக்ட்டுகள் எவ்வளவு நம்பலாம்?

சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள இந்தக் கருவி, எம்ப்ளாய்மென்ட் பாஸ் (இபி) எனப்படும், வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தால் தேறுமா என்று முன்கூட்டியே காட்டும். கட்டணம் கிடையாது. விண்ணப்பத்துக்கோ நிறுவனம் 105 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும், அது திரும்பி வராது. அதனால் முதலில் இதில் போட்டுப் பார்ப்பதே சரி. ஆனால் இந்தியாவில் பி.ஆர்க் முடித்துவிட்டு இங்கே வேலை தேடுபவருக்கு இது பாதிக் கணக்கைத்தான் சொல்கிறது.

சம்பளப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. வயது ஏற ஏற அந்த வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700 ஆகிறது. 40 வயது சீனியர் 7,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டால் முதல் படியிலேயே கதை முடிந்தது, கருவி அதை உடனே காட்டிவிடும். மாதாமாதம் மாறாமல் வரும் தொகையை மட்டும் போடுங்கள். போனஸையும் ஓவர்டைமையும் சேர்த்துப் போட்டால் வரும் பச்சைக்கொடி பொய்.

அடுத்தது காம்பஸ், அதாவது விண்ணப்பத்தை எடைபோடும் புள்ளி முறை. 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்வாசிகளுக்கு எவ்வளவு வேலை: ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. நிபுணர், மேலாளர் நிலையில் 25 பேருக்கும் குறைவாக உள்ள சிறு அலுவலகத்துக்குக் கடைசி இரண்டிலும் தானாகவே பத்துப் பத்து. பட்டத்துக்கு 10, சம்பளத்துக்கு 10 சேர்ந்தால் சரியாக 40. ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. சம்பளம் அந்தத் துறையின் உள்ளூர் ஊழியர்களுடைய 65வது சதமானத்துக்குக் கீழே (நூறு பேரில் 65 பேரின் சம்பளத்தை எட்டாமல்) போனால் 30தான். பெரிய அலுவலகத்தில் இந்தியர்கள் 25 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் அந்த வரிசையில் பூஜ்யம். இந்த விவரம் விண்ணப்பதாரர் கண்ணில் படாது. முதலாளி அமைச்சின் மைமாம் (myMOM) தளத்தில் பார்க்கலாம். நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படிப்பைப் பதியும் இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பட்டம் கொடுத்தது அண்ணா பல்கலைக்கழகம் என்றால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இணைப்புக் கல்லூரியின் பெயரை அல்ல. 2023 செப்டம்பர் முதல் பட்டத்துக்குச் சரிபார்ப்புச் சான்றும் வேண்டும். அதைக் கல்வி நிலையத்தின் இணையச் சேவை வழியாகவோ பின்னணிச் சோதனை நிறுவனம் வழியாகவோ வாங்கலாம். சான்றிதழில் ‘முருகன் எஸ்’, பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுசாக என்று இருந்தால் இங்கேதான் இழுபறி. இன்ஷியல் விவகாரத்தை ஊரில் இருக்கும்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. கருவி இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வேலை விளம்பரம் அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைகெரியர்ஸ்ஃபியூச்சரில் தொடர்ந்து 14 நாள் இருந்ததா என்பதும் தனிக் கணக்கு. பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு.

எல்லாம் கூடிவந்து பாஸ் கிடைத்தாலும் அது வேலை பார்க்கும் அனுமதி மட்டுமே. இந்தியக் கட்டடக்கலை மன்றப் பதிவு இங்கே செல்லாது. சிங்கப்பூர் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதியாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு; அதனால்தான் ஆஃபர் கடிதங்களில் ‘ஆர்க்கிடெக்சுரல் டிசைனர்’, ‘அசோசியேட்’ என்று வருகிறது. பதிவுக்கு வாரியம் ஏற்கும் பட்டமும், நடைமுறைப் பயிற்சியும், தொழில்முறைத் தேர்வும் தேவை. பட்டியலில் உங்கள் பட்டம் இருக்கிறதா என்று வாரியத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். காம்பஸில் 20 புள்ளி தரும் பல்கலைக்கழகம் என்பதற்காக வாரியமும் ஏற்கும் என்று பொருளல்ல. இரண்டும் வெவ்வேறு பட்டியல்.

முதலாளிக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். விண்ணப்பதாரருக்கு இரண்டரை.