மேசைப் போருக்கு ரோமானியப் படை: விக்ட்ரிக்ஸா, வார்லார்டா, 1/72-ஆ?

பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கு ரோமானியப் படை சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி கிட் நல்லது?" என்றுதான். எந்த நூற்றாண்டு ரோம் வேண்டும் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கி.மு. 216-இல் கன்னேயில் ஹன்னிபாலிடம் தோற்றவர்கள் வேறு, கி.பி. 101-இல் பேரரசர் டிரேஜனோடு டேசியாவுக்குள் (இன்றைய ருமேனியப் பகுதி) நுழைந்தவர்கள் வேறு. முன்னவர்கள் கையில் நீள்வட்டக் கேடயம், உடம்பில் நெஞ்சுத் தகடோ வளையக் கவசமோ இருக்கும். பின்னவர்களிடம்தான் எல்லோருக்கும் பழக்கமான செவ்வக வளைகேடயமும் இரும்புப் பட்டைக் கவசமும். சீசரின் படை என்று சொல்லிப் பட்டைக் கவச வீரர்களை மேசையில் இறக்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் காலம் ஒத்துப்போகாது.

குடியரசுக் காலம் வேண்டும் என்றால் 28 மி.மீ. உயரப் பொம்மைகளில் விக்ட்ரிக்ஸ் கம்பெனியை எடுங்கள். எதிரிக்கு வேண்டிய, ஹன்னிபாலின் கார்த்தேஜ் காலாட்படை, யானை எல்லாம் அதே கம்பெனியில் கிடைப்பதால் இரண்டு பக்கப் படையும் அளவில் ஒத்துப்போகும். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் பிற்காலப் படைக்கு, அதாவது நீள வாளும் வட்டக் கேடயமும் முழுக்கால் சட்டையுமாக வரும் வீரர்களுக்கு, கிரிப்பிங் பீஸ்ட் கம்பெனியின் பெட்டி போதும். உண்மையான போட்டி நடப்பது நடுவில் இருக்கும் பேரரசுக் காலத்துக்குத்தான். இங்கே வார்லார்ட் கம்பெனியும் விக்ட்ரிக்ஸும் நேருக்கு நேர் மோதுகின்றன. நிஜ அளவில் 72-இல் ஒரு பங்காக, அதாவது 1/72 அளவில் சின்னப் பொம்மை செய்கிறவர்கள் பக்கவாட்டில் இருந்து வந்து இருவரையும் சீண்டுகிறார்கள்.

வார்லார்ட் சிப்பாய்கள் சற்றே குட்டையானவர்கள், தடித்தவர்கள். தலையும் கையும் உடம்புக்குக் கொஞ்சம் பெரிசு. பல பேர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து பார்க்கும்போது முகமும் தலைக்கவசமும் தெளிவாகத் தெரிவது இந்தத் தடிமனால்தான். பாகங்கள் குறைவு, ஒட்டும் வேலை சீக்கிரம் முடியும். பட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் ஆழமாக இருப்பதால், வெள்ளி நிறம் பூசி அதன் மேல் நீர்த்த கறுப்பு மையை ஓட விட்டாலே கவசம் தானாக எழுந்து நிற்கும். புதிதாகத் தூரிகை பிடிக்கிறவருக்கு இதைவிடப் பொறுமையான பொம்மை கிடையாது.

விக்ட்ரிக்ஸ் வீரர்கள் உயரமானவர்கள், மனித அளவுக்கு ஒத்த உடற்கட்டு. தலை, கை, கேடயம் எல்லாம் தனித்தனியாக வருகின்றன. கழுத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி ஒட்டினால் பக்கத்து வீரனைப் பார்க்கிற மாதிரி ஆகும், கீழே சாய்த்தால் கேடயத்துக்குள் முகம் புதைப்பான். ஒரே ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருந்து வந்த வீரர்கள் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. இடைவாரில் இருந்து தொங்கும் தோல் பட்டைகளில் உள்ள குமிழ்கள் வரைக்கும் செதுக்கல் சுத்தம். கையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கும் போட்டோ எடுக்கிறவர்களுக்கும் இதுதான் பெட்டி.

ஆனால் அந்த நுணுக்கத்துக்கு ஒரு விலை உண்டு, அது தெரிவது ஈட்டியில். பைலம் எனப்படும் எறியீட்டியின் இரும்புத் தண்டு நிஜத்தில் ஏறத்தாழ 7 மி.மீ. தடிமன். 28 மி.மீ. பொம்மைக்கு 1/56 என்று வைத்துக்கொண்டால் அது 0.125 மி.மீ. ஆக வேண்டும். வார்ப்பு பிளாஸ்டிக்கில் அப்படி ஒன்று வரவே வராது, வந்தாலும் தொட்டால் ஒடியும். அதனால் எல்லாக் கம்பெனியும் ஈட்டியைத் தடிமனாகத்தான் செய்கிறது, எவ்வளவு தடிமன் என்பதில்தான் வித்தியாசம். விக்ட்ரிக்ஸ் ஈட்டி மெல்லியது. ஸ்ப்ரூவில் இருந்து வெட்டும்போது கட்டரைத் தண்டுக்கு ஒட்டி வைத்து அழுத்தினால், பிளாஸ்டிக் விலகும் வேகத்தில் தண்டு வளைந்து வெள்ளைக் கோடு விழும். கொஞ்சம் தள்ளி முதலில் சட்டத்தை வெட்டிவிட்டு, பிறகு மிச்ச மொட்டைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். அச்சுக் கோட்டையும் கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டினால் போதும், முனையால் தோண்டக் கூடாது. வார்லார்ட் ஈட்டி இவ்வளவு கவனம் கேட்காது. வாரா வாரம் டப்பாவில் போட்டு விளையாடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

கேடயத்துக்கும் ஒரு வார்த்தை. செவ்வக வளைகேடயங்களில் முழுசாக நம்மிடம் இருப்பது ஒன்றுதான்: சிரியாவின் டூரா யூரோப்பஸில் கிடைத்து இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மூன்றாம் நூற்றாண்டுக் கேடயம். உயரம் ஏறத்தாழ 105 செ.மீ., சிவப்புப் பின்னணியில் கழுகும் சிங்கமும். 1/56-இல் அது 19 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சிறகும் மின்னலுமாகப் பெட்டிகளின் மேல் பார்க்கும் வடிவங்கள் ரோமில் உள்ள டிரேஜன் வெற்றித் தூணின் சிற்பங்களில் இருந்து வந்தவை. கல்லில் இன்று வண்ணம் இல்லை, ஆகவே உங்கள் படையணிக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறத்தைத் தப்பென்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கையால் வரைய முடியாதவர்களுக்கு ஒட்டும் டிரான்ஸ்ஃபர் ஷீட் கிடைக்கிறது. வாங்கும்போது கம்பெனி பெயரைப் பார்த்து வாங்குங்கள். வார்லார்ட் கேடயத்துக்கு வெட்டியது விக்ட்ரிக்ஸ் கேடயத்தில் உட்காராது, நடுக் குமிழுக்கான ஓட்டையே இடம் மாறி இருக்கும்.

சரி, 1/72-க்கு வருவோம். ஹாட், இட்டாலெரி, ஸ்வெஸ்டா ஆகியவை இந்த அளவில் ரோமானியர்களைத் தருகின்றன. ஆள் உயரம் 23, 24 மி.மீ. ஒரு பெட்டியில் பெரும்பாலும் 40 பேர் வரை இருப்பார்கள், விலையோ 28 மி.மீ. பெட்டியின் விலையில் ஒரு பகுதிதான். கடல் கடந்து வரவழைப்பவர்களுக்குப் பார்சல் எடையும் குறையும்.

இதன் வலிமை விலையில் மட்டும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லெகியன் என்பது ரோமானியர்களின் பெரும் படைப்பிரிவு, அதில் பத்துக் கோஹார்ட் என்ற உட்பிரிவுகள். ஒரு கோஹார்ட் 480 பேர். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்றால் 24 பொம்மை, இரண்டு வரிசையில் பன்னிரண்டு பன்னிரண்டாக. 28 மி.மீ. வீரனுக்கு 20 மி.மீ. அகலம் கொடுத்தால் ஒரு கோஹார்ட் 24 செ.மீ. பிடிக்கும். சீசர் காலத்து மூன்று அடுக்கு வியூகத்தில் பத்துக் கோஹார்ட்டும் 4-3-3 என நிற்கும். ஆகவே முன்வரிசை மட்டும் 96 செ.மீ. இரண்டு லெகியனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 192 செ.மீ., ஆறடி மேசையோ 183 செ.மீ.தான். குதிரைப்படைக்கு இடமே இல்லை! அதே வியூகத்தை 1/72-இல் ஆளுக்கு 15 மி.மீ. கொடுத்து அடுக்கினால் 144 செ.மீ.யில் முடிந்துவிடும், இரண்டு பக்கமும் குதிரை ஓட இடம் இருக்கும். பெரும்போரைப் பெரும்போராகவே மேசையில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த அளவைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கக் கூடாது.

தொல்லை பிளாஸ்டிக்கில். விக்ட்ரிக்ஸும் வார்லார்டும் கெட்டி பாலிஸ்டைரின். பிளாஸ்டிக் சிமென்ட் அதைக் கரைத்து இணைப்பதால் ஒட்டிய இடம் உடம்போடு ஒன்றாகிவிடும். 1/72 வீரர்கள் பெரும்பாலும் வளையும் பாலிஎத்திலின் வகை. அதில் அந்தச் சிமென்ட் வேலை செய்யாது, சூப்பர் க்ளூவும் அரைகுறைதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்துப் பூசினாலும் ஈட்டி முனையிலும் வாள் நுனியிலும் கொஞ்ச நாளில் வண்ணம் உதிரும், ஏனென்றால் வளைகிற இடத்தில் பூச்சு வெடிக்கும். பூசி முடித்தபின் கெட்டியான வார்னிஷ் ஒரு கை அடித்தால் நெடுநாள் தாங்கும். பெட்டிக்குள் நசுங்கி வந்த ஈட்டியைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் நேராகவே நிற்கும். ஸ்வெஸ்டா இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் விறைப்பானது, செதுக்கலும் கூர்மை. மூன்றில் ஒன்று எடுக்கச் சொன்னால் நான் அதைத்தான் எடுப்பேன்.

என் தேர்வு என்ன என்று கேட்டால்: ஒரு பக்கம் முப்பது, நாற்பது பேர் மோதும் சின்ன ஆட்டத்துக்கு விக்ட்ரிக்ஸ், ஒவ்வொரு வீரனும் கண்ணில் படுவான். வரிசை வரிசையாக அடுக்கி ஆடும் 28 மி.மீ. படைக்கு வார்லார்ட், வேலை முடிந்து மேசைக்கு வந்து சேரும். இரண்டையும் ஒரே அணிக்குள் கலக்காதீர்கள். தனித்தனி அணியாக நிறுத்தினால் உயர வித்தியாசம் கண்ணை உறுத்தாது.

டேசியப் போர் ஆடுகிறவர்கள் பட்டைக் கவசத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 113-இல் எழுந்த டிரேஜன் தூணில் லெகியன் வீரர் எல்லோரும் பட்டைக் கவசத்தில் இருக்கிறார்கள். ஆனால் ருமேனியாவின் ஆதம்கிளிசியில் 109-இல் அமைத்த வெற்றிச் சின்னத்திலோ வளையக் கவசமும் செதில் கவசமும்தான், வலக்கையில் தனிக் கைக்கவசம் வேறு. எதிரியின் வளைந்த ஃபால்க்ஸ் வாள் கையை வெட்டிவிடும் என்ற பயம் அது. வார்லார்டில் 'வெட்டரன்ஸ்' என்று தனிப்பெட்டி இருக்கிறது, சீருடை பிசகாத அணிவகுப்பு வேண்டாம் என்பவர்கள் அதைப் பாருங்கள்.

அப்புறம், இரண்டாவது பெட்டி. எல்லோரும் இன்னொரு லெகியன் பெட்டிக்குத்தான் கை நீட்டுகிறார்கள். துணைப்படைப் பெட்டியை வாங்குங்கள் என்பேன், இரு கம்பெனியிலும் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் மான்ஸ் கிராப்பியஸ் போரில் 8,000 துணைப்படைக் காலாட்கள் நடுவிலும் 3,000 குதிரை வீரர்கள் இருபுறமும் நின்று போரை முடித்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். லெகியன்கள் அரணுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.