குளூட்டமேட், காபா: எது அழுத்தத்தை ஏற்றும், எது இறக்கும்?

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் தூண்டுவது குளூட்டமேட், அடக்குவது காபா. குளூட்டமேட் ரத்த அழுத்தத்தை ஏற்றும், காபா இறக்கும் என்பார்கள். அது பாதிதான் சரி. எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும்.

மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் முன்பக்கத்தில், ஆர்விஎல்எம் (RVLM) என்ற பகுதியிலுள்ள நரம்பணுக்கள் தண்டுவடத்தில் குளூட்டமேட்டை விடுவித்தால் ரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். முகுளத்தின் பின்பக்கத்து என்டிஎஸ் (NTS) என்ற பகுதியிலோ அதே குளூட்டமேட் அழுத்தத்தை இறக்கும்! கழுத்துத் தமனியின் அழுத்த உணர்வு நரம்புகள் அங்கே குளூட்டமேட்டைத்தான் விடுகின்றன. அந்தச் செய்தி இன்னொரு நரம்பணுக் கூட்டத்தைத் தூண்ட, அது காபாவை விடுவித்து ஆர்விஎல்எம்மை அடக்குகிறது.

காபாவும் அப்படியே: ஆர்விஎல்எம்மில் இறக்கும், என்டிஎஸ்ஸில் ஏற்றும்.

பத்துமலைப் படியோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்து சட்டென எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. உணர்வு நரம்புகளின் துடிப்பு குறைய, ஆர்விஎல்எம் மீதான காபாவின் பிடி தளர, சில நொடிகளில் அழுத்தம் மீள்கிறது. நீண்டகால நீரிழிவு ரத்தக்குழாய்களை இறுக்கும் நரம்புகளைக் கெடுத்திருந்தால் மீளாது, தலை சுற்றும்.

வீட்டிலேயே பார்க்கலாம். 5 நிமிடம் படுத்து அளந்து, எழுந்து நின்றபின் 1-ஆவது, 3-ஆவது நிமிடங்களில் அளந்து பாருங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ குறைந்தால், மாத்திரைகளை நீங்களே நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.