விழித்திரையில் புது ரத்தக்குழாய்: லேசரா, ஊசியா?

சர்க்கரையால் கண்ணில் புது ரத்தக்குழாய்கள் முளைத்தவர்கள் நுங்கம்பாக்கம் பக்கம் கண் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து குழம்புவது, லேசர் சிகிச்சையா, கண்ணுக்குள் போடும் மருந்து ஊசியா என்பதில்தான்.

செலவு: லேசர் சில அமர்வுகளில் முடியும். ஊசி பல மாதம் தொடரும்; ஊசி மருந்துகளில் அவாஸ்டின் மலிவு, லூசென்டிஸ் விலை அதிகம்.

நீடிப்பு: லேசரின் பலன் நெடுநாள் நிற்கும். ஊசி சில வாரங்களில் வலுவிழக்கும். தவறவிட்டால் குழாய்கள் மறுபடி முளைக்கலாம்.

பார்வை: லேசரில் பக்கப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுபவர் யோசிக்க வேண்டும். விழித்திரையின் மையத்தில் வீக்கம் இருந்து பார்வை மங்கினால் பெரும்பாலும் ஊசிதான்.

செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வருபவர், தேதி மறப்பவர் என்றால் என் ஓட்டு லேசருக்கு. தவறாமல் வர முடிந்தால் ஊசி.

அப்புறம், இன்சுலின் தொடங்கி சர்க்கரை சட்டென இறங்கும்போது கண் பாதிப்பு தற்காலிகமாகக் கூடலாம். இன்சுலினை நிறுத்தாதீர்கள், கண்ணை முன்னதாகவே காட்டிவிடுங்கள்.