விக்டோரியா கால வேடத்துக்கு எந்த விலங்கு? ஓணானா, முள்ளெலியா, எலியா?

விக்டோரியா மகாராணி காலத்து உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து ஆளாகவே ஒரு நாள் முழுக்கப் பேசி நடமாடுவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு உயிரான பொழுதுபோக்கு. பொத்தானிலிருந்து தொப்பி வரை பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைச் சிரிக்கவும் வைக்க வேண்டும் என்றால் ஒரு வினோதமான செல்லப்பிராணி போதும், கூட்டம் தானாகச் சேரும். 19ஆம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட பிராணிகளுக்குப் பஞ்சமே இல்லை. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

நான் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். அந்தப் பிராணி அன்றைக்கு நிஜமாகவே பல வீடுகளில் இருந்ததா, இல்லை ஒரே ஒரு பிரபலத்தின் கிறுக்கா? கூட்டத்துக்கு நடுவே அதனால் சில மணி நேரம் நிம்மதியாக இருக்க முடியுமா? சிரித்தவர் சிரிப்போடு அந்தக் காலத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டு போவாரா? மூன்றிலும் தேறுவது எலி ஒன்றுதான் என்பது என் முடிவு.

பெரிய பெயர்களை முதலில் தள்ளிவிடலாம். கவிஞர் பைரன் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் படித்தபோது, நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதிக்குப் பதிலடியாகக் கரடி வளர்த்தார். ஓவியர் ரோசெட்டி லண்டன் செல்சியில் தன் வீட்டையே மிருகக்காட்சிசாலை ஆக்கியிருந்தார். 1869 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வாம்பட் என்ற வயிற்றுப்பை விலங்கு ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. நவம்பரில் செத்துப்போனது. அவர் அதைப் பாடம்பண்ணி வீட்டில் வைத்துக்கொண்டார். தான் அழுவதைப் போல ஒரு படமும் வரைந்தார். கேட்கச் சுவையான கதைகள்தான், ஆனால் இவற்றை மோஸ்தர் என்று சொல்ல முடியாது. கரடியோடு நிற்பவர் பைரனாகத்தான் நிற்க முடியும், சாதாரண விக்டோரியா கால மனிதராக அல்ல.

பாரிஸின் சிங்கி இறாலையும் இதே வரிசையில்தான் வைக்க வேண்டும். கவிஞர் ஜெரார் த நெர்வால் ஒரு சிங்கி இறாலை நீல நாடாவில் கட்டி பாலே-ரொயால் தோட்டத்தில் நடத்திக்கொண்டு போனார் என்பது கதை. நாய் குரைக்கும், இறால் குரைக்காது, கடலின் ரகசியமெல்லாம் அதற்குத் தெரியும் என்று அவர் காரணம் சொன்னாராம். இதை எழுதியவர் அவருடைய நண்பர் தியோஃபில் கோத்தியே. நடந்ததா என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். செவுளால் மூச்சுவிடும் பிராணி அது. தண்ணீருக்கு வெளியே தன் உடல் எடையைத் தூக்கவே திணறும். ஆகவே உயிருள்ள இறால் வேண்டவே வேண்டாம். துணியில் தைத்த இறாலை நாடாவில் கட்டி இழுத்து வரலாம். கதையே பாதி நண்பர்களின் வேடிக்கையாக இருக்கக்கூடும் என்பதால் துணிப் பொம்மை அதற்கு நன்றாகவே பொருந்தும். மேல்தொப்பி வைத்த ஆள் துணி இறாலோடு நடந்து வந்தால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அடுத்தது, இந்தப் பட்டியலிலேயே எனக்கு மனம் ஒப்பாத ஒன்று. 1890களில் அமெரிக்காவில் பெண்கள் உயிருள்ள ஓணானை நகையாக அணிந்தார்கள். பச்சோந்தி என்று சொல்லித்தான் விற்றார்கள், ஆனால் அது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் பச்சை அனோல். கழுத்தில் சின்னப் பட்டை, அதிலிருந்து மெல்லிய சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் ஊசி. ஊசியை ரவிக்கையின் தோள்பட்டையில் குத்திவிட்டால் ஓணான் துணிமேல் ஊர்ந்து பச்சையாகவும் பழுப்பாகவும் மாறிக்கொண்டிருக்கும். சர்க்கஸ் வாசல்களில் விற்பனை அமோகம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் போதும் என்று சொல்லி விற்றார்களாம். அனோல் தின்பதோ பூச்சி. கிண்ணத்துத் தண்ணீரை அது பெரும்பாலும் சீண்டாது, இலைமேல் நிற்கும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். வாங்கிப் போனவர்கள் தெரியாமலேயே அதைப் பட்டினி போட்டார்கள்.

முதல் கேள்வியில் இது தேறிவிடும், உண்மையிலேயே பரவலான மோஸ்தர். இரண்டாவதில் முழுத் தோல்வி. வேடத்துக்கு இது வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பித்தளையிலோ எனாமலிலோ செய்த ஓணானைச் சங்கிலியோடு குத்திக்கொள்ளட்டும். கூட்டம் அருகே வந்து உற்றுப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் இது உயிருள்ள ஓணானாக இருந்தது என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென மாறும். அந்த ஒரு கணத்துக்காகவே அதை அணியலாம்.

முள்ளெலி இதற்கு நேர் எதிர். அழகுக்காக இல்லை, வேலைக்காக வந்த பிராணி. லண்டன் வீடுகளின் அடித்தளச் சமையலறைகளில் அடுப்புச் சூட்டுக்குக் கரப்பான் பெருகும். அதைத் தின்ன ஒரு முள்ளெலியை வாங்கி விட்டுவிடுவார்கள். லண்டன் தெருவியாபாரிகளைப் பேட்டி கண்டு எழுதிய பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூவின் பதிவுகளில் முள்ளெலி விற்றவர்களும் இருக்கிறார்கள். சமையற்காரி வேடம் போடும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஆனால் அது இரவில் திரியும் பிராணி. பகல் வெளிச்சத்தில் கூட்டத்துக்கு நடுவே வைத்தால் உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். பிரிட்டனில் அதன் எண்ணிக்கையும் சரிந்துவிட்டது. 2020இல் அங்கே அழியும் அபாயத்தில் உள்ள இனங்களில் சேர்த்திருக்கிறார்கள். காட்டிலிருந்து பிடித்து வந்து வேடிக்கை காட்டும் பேச்சுக்கே இடமில்லை. (திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் நாம் காணும் முள்ளெலி வேறு இனம், அதையும் இப்படித் தொந்தரவு செய்யக் கூடாது.) சமையலறை மூலையில் ஒரு தட்டில் பாலில் நனைத்த ரொட்டி வைத்தால் போதும். அன்றைக்கு அதைத்தான் வைத்தார்கள். அந்தப் பால் முள்ளெலிக்குச் செரிக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடல்நீர்த் தொட்டியைப் பற்றி நிதானமாகவே பேச வேண்டும், ஏனென்றால் 1850களில் அதுதான் பெரும் பைத்தியமாக இருந்தது. 1845இல் கண்ணாடிமீதான வரியை எடுத்தார்கள், கண்ணாடி மலிவானது. ரயிலில் ஏறினால் கடற்கரை. 1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்களுக்கென்று தனிக்கூடம் திறந்தார்கள். அதற்கு முன்பே, 1846இல், ஆனா தைன் என்ற பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமே. திறந்த ஜன்னல் பக்கம் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, திரும்ப இதிலிருந்து அதற்கு என்று டீ ஆற்றுவது போல தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் பணிப்பெண் கடல்நீரை ஊற்றிக்கொண்டே இருப்பாள். நடித்துக் காட்ட இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை. எஜமானி சோபாவில் உட்கார்ந்து பவளத்தின் அழகைப் புகழ்ந்துகொண்டிருக்க, பணிப்பெண் பின்னால் நின்று ஊற்றுகிறாள், ஊற்றுகிறாள், ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். வசனமே தேவையில்லை. யார் வீட்டு அலங்காரத்துக்கு யார் கை வலித்தது என்று பார்க்கிறவருக்குத் தானே விளங்கும்.

ஸ்காட்லாந்தில் இயற்கை ஆய்வாளர் ஜான் டேலியெல் 1828இல் பாறையிடுக்கிலிருந்து எடுத்து வந்த ஒரு கடற்சாமந்தி (பூப்போலத் தெரியும் கடற்பிராணி) 1887 வரை கண்ணாடிச் ஜாடியில் வாழ்ந்தது. வளர்த்தவர் போனபின்னும் கைமாறிக் கைமாறிப் பிழைத்தது, நூற்றுக்கணக்கில் குஞ்சு ஈன்றது. ‘கிரானி’ என்று அதற்குப் பெயர். ஆனால் இது அபூர்வம். பெரும்பாலான தொட்டிகளில் தண்ணீர் கெட்டு எல்லாமே செத்தன. மறுபடியும் வாளியோடு கடற்கரைக்குப் போனார்கள். இந்த மோகத்தைத் தன் எழுத்தால் வளர்த்தவர்களில் முதன்மையானவர் பிலிப் ஹென்றி காஸ். தேடி வந்த கூட்டம் டெவன் கரையின் பாறைக்குட்டைகளைச் சூறையாடிவிட்டது என்று பின்னாளில் அவருடைய மகனே வருந்தி எழுதினார். வெறும் ஜாடி, வெறும் தண்ணீர், மேலே சொன்ன பணிப்பெண். இவ்வளவே நமக்குப் போதும்.

இப்போது எலி. 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஜாக் பிளாக் என்றொருவர் இருந்தார். மகாராணியின் எலிபிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். பச்சை மேலங்கி, சிவப்பு வெயிஸ்ட்கோட், தோளுக்குக் குறுக்கே அகலத் தோல் பட்டை, பட்டையில் உலோகத்தில் வார்த்த எலிகள். இந்தச் சீருடையைத் தானே வடிவமைத்துக்கொண்டார். தெருவில் வண்டியை நிறுத்தி, எலிக்கூண்டுக்குள் கையை விட்டு அள்ளி எடுப்பார். எலிகள் அவர் கைமேல் ஏறி ஓடும். கடிபட்டுச் சாகும் நிலைக்கே போனவர்தான். அப்படிப் பிடித்ததில் வெள்ளையும் திட்டுப் போட்டதுமாக நிறம் மாறிய எலிகள் அகப்பட்டால் கொல்லாமல் வளர்த்துப் பெருக்கி, வசதியான வீட்டுப் பெண்களுக்கு விற்றார். அவர்கள் அவற்றை அணில் கூண்டில் வைத்து வளர்த்தார்கள். சாக்கடையில் பிடித்த பிராணியின் வாரிசு சீமாட்டியின் வரவேற்பறைக்குப் போன கதை இது. வேடம் போட ஆணுக்கும் பாத்திரம் இருக்கிறது, பெண்ணுக்கும் இருக்கிறது. வேண்டிய வேடிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இன்று கிடைக்கும் வளர்ப்பு எலி பல தலைமுறையாக மனிதக் கையில் பழகியது. தோளில் உட்காரும், பெயர் சொன்னால் வரும். ஓணானுக்கும் முள்ளெலிக்கும் கூட்டம் என்றால் பயம், பழகிய எலிக்கு அது புதுப் புது கைகளை மோந்து பார்க்கும் வாய்ப்பு. முகர்ந்து முடித்ததும் சட்டைப் பைக்குள் புகுந்து தூங்கிவிடும். தனியாக வைக்காதீர்கள், இரண்டாவது இருக்க வேண்டும், எலி துணை தேடும் பிராணி. வெயில்தான் அதற்கு ஆகாது. வியர்க்காத உடம்பு, சூடு ஏறினால் வாலாலும் உடம்பில் எச்சிலைப் பூசியும்தான் தணித்துக்கொள்ளும். கொளுத்தும் நாளில் வீட்டிலேயே விட்டுவிட்டு, பட்டையில் வார்த்த எலிகளோடு மட்டும் போங்கள்.

வாங்கும் எலி வெள்ளையாகவோ திட்டுப் போட்டதாகவோ இருக்கட்டும். பரிசு ரிப்பன் மட்டும் கட்டிவிடாதீர்கள். எலிகளுக்கான முதல் கண்காட்சிப் போட்டி மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் 1901 அக்டோபரில் எய்ல்ஸ்பரியில்தான் நடந்தது. விக்டோரியா அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.