பிஷான் - அங் மோ கியோ பூங்கா: காலாங் ஆற்றுக்காகவே போகலாம்

சிங்கப்பூரின் இந்தப் பூங்காவுக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது நடுவில் ஓடும் காலாங் ஆற்றுக்காகத்தான். முன்பு இங்கே இருந்தது 2.7 கிலோமீட்டருக்கு நேராகப் போன ஒரு கான்கிரீட் கால்வாய். சுற்றிலும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள், அத்தனை கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழையை வேகமாகக் கடத்திவிடுவது மட்டும்தான் அதன் வேலை. கால்வாய் பழசாகி மாற்ற வேண்டிய நிலை வந்தபோது இன்னும் பெரிதாகக் கான்கிரீட் போடாமல், நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அதை உடைத்து, ஆற்றை வளைந்து ஓடவிட்டு 2012இல் திறந்தார்கள்.

நான் ரசித்தது அது வேலை செய்யும் விதம். மழையில்லாத நாளில் தண்ணீர் சிற்றோடையாக ஓடும், பக்கத்துப் புல்சரிவில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் பாறைக்குப் பாறை தாவுவார்கள். பெருமழை வந்தால் அதே புல்சரிவுதான் வெள்ளம் பரவும் இடம். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர், இப்போது தண்ணீர் கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரியலாம், அதனால் வேகமும் குறைகிறது. கரையைப் பிடித்து வைத்திருப்பது செடிகளின் வேரும் பாறையும்தான், அந்த முறைகளை முதலில் ஒரு சின்னப் பகுதியில் சோதித்துப் பார்த்த பிறகே முழு ஆற்றுக்கும் கொண்டுவந்தார்கள். நீர்மட்டம் ஏறினால் விளக்கு, சைரன், அறிவிப்பு எல்லாம் உண்டு. உடைத்த கான்கிரீட்டைக்கூட வீணாக்காமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாக்கியிருக்கிறார்கள், ஏறிப் பாருங்கள். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை ஒரு நகரத்துப் பிள்ளை கண்ணால் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

குறை என்றால், தண்ணீர் ஓரத்தில் நிழல் போதாது, மதியம் போனால் வெயில் வாட்டிவிடும்.

அப்புறம், எல்லா ஊரும் இதை அப்படியே எடுத்துச் செய்துவிட முடியாது, இங்கே 62 ஹெக்டேர் இடம் கையில் இருந்தது. 2010இல் வெள்ளம் புகுந்த ஆர்ச்சர்ட் சாலை போன்ற நெருக்கமான கடைத்தெருவில் ஆற்றுக்கு விட இடம் ஏது? அந்தப் பகுதிக்காகத் தாவரவியல் பூங்கா அருகே நிலத்தடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதுக் கட்டுமானங்கள் மழைநீரைத் தங்கள் இடத்திலேயே கொஞ்ச நேரம் தேக்கி மெதுவாக விட வேண்டும் என்ற விதியும் வந்தது. அது அவசியம்தான், ஆனால் தேக்குவதைத் தொட்டிக்குள் ஒளித்து வைக்காமல் முற்றத்திலோ மழைநீரை வாங்கி மண்ணில் வடியவிடும் மழைத்தோட்டத்திலோ செய்தால் நடந்துபோகிறவர்களுக்கும் பயன்படுமே என்பது என் ஆசை.

போவதென்றால் மழை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போங்கள், ஆறு எதுவரை ஏறியது என்பது புல்லில் தெரியும். அங் மோ கியோ அவென்யூ 1 ஓரமாகவே பூங்கா நீள்வதால் பேருந்து சுலபம், பிஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். வானம் கறுத்தால் மட்டும் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்திலிருந்து மேலே கூட்டி வந்துவிடுங்கள்.