அட்டை மாடலா, பிளெண்டரா? மாடிப்படி வெயிலை அனிமேஷன் செய்ய எது சரி

பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளில் மாடிப்படியோரம் சிமெண்ட் ஜாலி இருக்குமே, அது வழியாக விழும் வெயில் காலையிலிருந்து சாயங்காலம் வரை படிகளில் நகர்வதுதான் என் குறும்படத்தின் மொத்தக் கதை. அட்டை மாடலில் இம்மி இம்மியாக மாற்றி ஒவ்வொரு படமாக எடுக்கும் ஸ்டாப் மோஷன், கணினியில் முப்பரிமாணக் காட்சி செய்யும் பிளெண்டர் மென்பொருள் இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு பிளெண்டரிலேயே முடித்தேன்.

செலவு இரண்டிலும் பெரிதில்லை. அழகில் அட்டைக்குத்தான் என் ஓட்டு, வெட்டிய ஓரத்தின் பிசிறும் கையால் பூசிய சுண்ணாம்பும் தருகிற பழைய சுவரைக் கணினியில் கொண்டுவர ரொம்பவே மெனக்கெட வேண்டும்.

ஆனால் இந்த மாதிரிப் படத்தில் எல்லாமே வெயில்தான். ஸ்டாப் மோஷனில் நொடிக்கு 12 படம் என்றாலும் 10 நொடிக்கு 120 தடவை விளக்கை இம்மி இம்மியாக நகர்த்தணும், நடுவில் கை பட்டால் காட்சியே போச்சு. அப்புறம் விளக்கு கிட்டத்தில் இருந்தால் நிழல் விசிறி மாதிரி விரியும், நிஜ வெயிலில் அப்படி விரியாது, அதற்காக விளக்கைத் தள்ளி வைக்கச் சின்ன அறையில் இடம் ஏது?

பிளெண்டரில் 'சன் பொசிஷன்' என்கிற ஆட்-ஆனில் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி) சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27, நேர மண்டலம் 5.5, தேதி, மணி எல்லாம் கொடுத்தால் சூரியன் சரியான இடத்தில் நிற்கும். காட்சியின் தொடக்கத்தில் ஒரு மணி, முடிவில் ஒரு மணி என்று குறித்து (இதுதான் கீஃப்ரேம்) வைத்தால் நடுவில் நிழல் தானாக நகரும். மேற்குப் பார்த்த ஜாலியில் ஜூன் மாதச் சாயங்கால வெயில் உள்ளே தெற்காகச் சாய்ந்து விழும், டிசம்பரில் வடக்காக. படியேறும் பாட்டியின் முகத்தில் வெளிச்சம் படணும் என்று கடைசியில் தோன்றியபோது தேதியை மட்டும்தான் மாற்றினேன், அட்டையில் என்றால் முழுக் காட்சியையும் மறுபடி எடுத்திருக்க வேண்டும்.

ஜாலியை பிளெண்டரில் Alt+D விசை கொடுத்து, மூலத்தோடு இணைந்த நகலாக எடுத்தால் ஒன்றைத் திருத்தும்போது எல்லா மாடியிலும் திருந்திவிடும், இதுவும் பெரிய நிம்மதி. பிளெண்டரில் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாக்கும் சைக்கிள்ஸில் மூடிய மாடிப்படிக்குள் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், ரெண்டர் (இறுதிப் படமாக்கல்) நேரம் இழுக்கும், அது உண்மை.

மனிதர்களின் நடை, முகபாவம்தான் படமே என்றால் இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் படத்தில் பாட்டி மட்டும்தான், அவரையும் பிளெண்டருக்குள்ளேயே கையால் வரைய உதவும் கிரீஸ் பென்சிலில் வரைந்துவிட்டேன். எதில் செய்தாலும் முதலில் டேப் எடுத்துப் போய் படியின் உயரம், அகலம், ஜாலியின் தடிமன் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள், தடிமன் தப்பினால் நிழலும் தப்பாகத்தான் விழும்.